நெய்யோடு நின்ற சைக்கிள்

வலியசாலை அக்கிரகாரத்தில் ஸ்ரீகண்டனைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவின. அவர் யாருக்கும் தீங்கு நினையாதவர் என்பது ஒன்று. சிவப்பு விளக்கு விஷயத்தில் அவருக்குப் புத்தி சொல்ல யாராலும் ஆகாது என்பது மற்றொன்று. இரண்டையும் முதலில் சொன்னவர் அவருடைய மனைவி பாகீரதிதான். தெரு பின்னால் ஏற்றுக்கொண்டது.

ஸ்ரீகண்டன் ஓர் அரசு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். இருபது ஆண்டுகளாகச் சைக்கிளில்தான் போய்வந்தார். வழியில் பழவங்காடி நாற்சந்தியில் விளக்கு சிவந்திருந்தால் பிரேக்கைப் பிடித்து, இடது காலை ஓரக்கல்லில் ஊன்றி நின்றுவிடுவார். மழை கொட்டினாலும் நிற்பார். நான்கு பக்கமும் ஓர் ஆட்டோகூட இல்லாத விடியற்காலையிலும் நிற்பார். மற்ற சைக்கிள்காரர்கள் மணியடித்தபடி அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சிலர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதும் உண்டு. அவரும் பதிலுக்குச் சிரிப்பார். காலை மட்டும் எடுக்கமாட்டார்.

தெருவார் இதைப் பலமுறை விவாதித்திருக்கிறார்கள். சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டாம், எண் பலகை வேண்டாம், ஓட்டுவதற்கு லைசென்சும் வேண்டாம். அப்படியிருக்கும்போது விளக்கு மட்டும் எதற்கு என்பது அவர்களுடைய வாதம். வண்டி என்ன குடிக்கிறது என்று கேட்டுக்கொண்டா விளக்கு சிவக்கிறது என்பது ஸ்ரீகண்டனின் பதில். பத்மநாப சுவாமி கடல் நீராடும் ஆராட்டுக்கு விமான நிலையத்தின் வழியே எழுந்தருளும்போது ஆகாய விமானமே ஓடுபாதையை விட்டு ஒதுங்கி நிற்கிறது. நமக்கு ஒரு நிமிஷம் நிற்பதில் என்ன குறைந்துவிடும் என்றும் கேட்பார். சுவாமியே நம் ஊரில் எந்தச் சிவப்பு விளக்குக்கும் நிற்பதில்லையே என்று பாகீரதி ஒருமுறை சொன்னாள். அன்று அவர் சற்று முன்னதாகவே அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பழவங்காடியில் அந்நாட்களில் போக்குவரத்துக் காவலராக இருந்தவர் நேசமணி. பாறசாலைக்குத் தெற்கே, தமிழ் பேசும் பக்கத்தில் ஊர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சிலும் மற்ற நாட்களில் சந்தியிலுள்ள பிள்ளையார் கோவில் எதிரிலும் அவரைப் பார்க்கலாம். சிவப்பில் பாய்ந்த பஸ்களையும் லாரிகளையும் விரட்டிப் பிடித்த அவர், சைக்கிளை ஒரு நாளும் நிறுத்தியதில்லை. சைக்கிள்காரன் பாதி நடையாள் என்பது அவருடைய சட்டம். பாதி ஆளை எந்தப் பிரிவின்கீழ் பிடிப்பது என்று கேட்பார். ஆகையால், தமக்கு வேலை வைக்காத ஒரு மனிதர் தம் கண்ணெதிரே தினமும் காலூன்றி நிற்பதைப் பார்க்க அவருக்கு வேடிக்கையாக இருந்தது. சற்று வருத்தமாகவும் இருந்தது.

ஒரு நாள் சந்தியில் கூட்டம் குறைந்திருந்தபோது நேசமணி அருகில் வந்து, ஏன் இப்படி வெயிலில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். ஸ்ரீகண்டன் ஒரு கதை சொன்னார்.

காட்டாறு ஒன்று இருந்தது. இறங்கிக் கடப்பதற்கு அதில் ஒரே ஒரு துறைதான். இக்கரை விலங்குகளும் அக்கரை விலங்குகளும் நடுவில் முட்டிக்கொண்டதால், எல்லாம் கூடி ஒரு மீன்கொத்தியைக் காவலுக்கு வைத்தன. அது கிழக்குக் கிளையில் உட்கார்ந்தால் கிழக்குக் கரையார் இறங்கலாம். மேற்குக் கிளையில் உட்கார்ந்தால் மேற்குக் கரையார். அணில் மட்டும், நான் தண்ணீரைக் கலக்குவதுமில்லை, யாரையும் இடிப்பதுமில்லை, எனக்கு இந்த விதி எதற்கு என்று கல்லுக்குக் கல் தாவிப் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் எதிரே வந்த யானை, காலடியில் அணிலைக் கண்டது. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடு ஆற்றில் நின்றது. யானையின் பின்னால் எருமை நின்றது. எருமையின் பின்னால் மான் நின்றது. அணில் அக்கரைக்குப் போய்ப் பழம் தின்னத் தொடங்கிவிட்டது. யானையோ, அது போய்விட்டது தெரியாமல், பொழுது சாயும்வரை ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தது.

நேசமணி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

“கதை கொள்ளாம் சாரே, நல்லாருக்கு,” என்றார். “ஆனா அந்த மீன்கொத்தி உறங்கிப்போச்சுன்னா என்ன செய்ய?”

அதற்குள் விளக்கு பச்சையாகிவிட்டது. ஸ்ரீகண்டன் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வைகாசியில் அவருடைய ஒரே மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலி. மாப்பிள்ளையின் தந்தை ராமசுப்ரமணியன் முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். பேசி முடிக்க எத்தனை நிமிஷம் ஆயிற்று என்பதையும் சொல்வார். அவருடைய மனைவி கோமதியம்மாள் அதிகம் பேசாதவர். இந்த அம்மாளின் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் பாகீரதிக்கு அவரிடத்தில்தான் கூடுதல் பயம்.

கோட்டைக்குள் இருந்த ஒரு மண்டபத்தில் கல்யாணம். காலையில் முகூர்த்தம், நடுப்பகலில் விருந்து, இரண்டரை மணி ரயிலில் மணமக்களோடு மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டு, இரவு எட்டுக்குள் திருநெல்வேலி வீட்டில் புதுப்பெண் விளக்கேற்ற வேண்டும். அந்த ரயிலை விட்டால் அடுத்தது நடுநிசிக்குத்தான் போய்ச்சேரும். நல்ல வேளை தவறி வந்த மருமகள் என்ற பேச்சோடு மகள் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கக்கூடாது என்பதே பாகீரதியின் ஒரே கவலை. முதல் நாளே கணவரை அழைத்து அதைச் சொல்லிவிட்டாள்.

“நாளைக்கு ஒரு நாளைக்கு உங்க பிடிவாதத்தையெல்லாம் ஆத்துலயே வச்சுட்டு வாங்கோ. கொழந்தைக்கு அந்த ஆத்துல தலை குனியும்படியா ஒண்ணும் வரப்டாது.”

ஸ்ரீகண்டன் அப்படியே ஆகட்டும் என்றார். பிடிவாதத்தை வீட்டில் வைத்தாரோ இல்லையோ, நெய்யை வைத்துவிட்டார்.

நெய்யின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். பந்தியில் சோறும் பருப்பும் விழுந்துவிட்டால் மட்டும் போதாது. அன்னத்தின் மேல் நெய் விழ வேண்டும். நெய் விழாமல் ஒருவரும் இலையைச் சுற்றித் தண்ணீர் விடுவதில்லை. தண்ணீர் சுற்றாமல் ஒருவரும் சோற்றில் கைவைப்பதில்லை. அதிலும் மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் முதல் பந்திக்குப் பெண்ணின் தாய் வீட்டில் உருக்கிய நெய்தான் விட வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். கடை நெய்யை விட்டார்கள் என்று ஒரு குடும்பத்தைப் பற்றிப் பதினைந்து ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிற தெரு அது. பாகீரதி பத்து நாட்கள் வெண்ணெய் சேர்த்து, முருங்கை இலை போட்டு, மணல்மணலாக உருக்கி, ஒரு பித்தளைத் தூக்கு நிறைய வைத்திருந்தாள். அடுத்த வீட்டுப் பூனைக்குப் பயந்து ஸ்ரீகண்டன் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். காலைப் பரபரப்பில், அவர் எடுத்து வந்திருப்பார் என்று அவள் நினைத்தாள். அவள் கேட்டு வாங்கியிருப்பாள் என்று அவர் நினைத்தார்.

மணி பன்னிரண்டே கால். மாப்பிள்ளை வீட்டார் எண்பது பேர் இலையின் முன் உட்கார்ந்திருந்தார்கள். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. நெய்க் கிண்ணத்துக்காகச் சமையல்காரர் பாகீரதியைப் பார்த்தார். பாகீரதி ஸ்ரீகண்டனைப் பார்த்தாள். ஸ்ரீகண்டன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். சாவி இருந்தது.

யாரையாவது அனுப்பலாம் என்றால் அந்தப் பீரோ லேசில் திறவாது. இடது தோளால் கதவை நெருக்கிக்கொண்டு, கைப்பிடியை உயர்த்தி, சாவியை முக்கால் திருப்பு திருப்ப வேண்டும். அந்த வீட்டிலேயே அது ஸ்ரீகண்டனின் கைக்கு மட்டும் வசப்பட்ட வித்தை. ஆட்டோவில் போகலாம் என்றால் வழியிலுள்ள சாலைக் கடைத்தெருவில் லாரிகள் சரக்கு இறக்கும் நேரம். உள்ளே நுழைந்த ஆட்டோ மாலையில்தான் வெளியே வரும். சைக்கிள் ஒன்றுதான் வழி. ஸ்ரீகண்டன் பஞ்சகச்சத்தோடு சைக்கிளில் ஏறினார்.

அப்போது ராமசுப்ரமணியன் இலையை விட்டு எழுந்து வந்தார். கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார் என்று பாகீரதிக்கு உயிரே போயிற்று. அவரோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சைக்கிளின் பின்னிருக்கையில் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“தூக்கைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேண்டாமா ஓய்? போறதுக்குப் பத்து நிமிஷம், வரதுக்குப் பத்து நிமிஷம். நடங்கோ,” என்றார்.

இரண்டு சம்பந்திகள் ஒரே சைக்கிளில் கல்யாணக் கோலத்தோடு போவதைச் சாலைக் கடைத்தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைத் தோளில் வைத்தபடியே வழிவிட்டார்கள். வலியசாலை வீடு வந்தது. பீரோ ஒரே திருப்பில் திறந்தது. தூக்கு ராமசுப்ரமணியனின் மடிக்கு வந்தது. பூனை கொல்லைப்புறத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போயிற்று. திரும்பும்போது ராமசுப்ரமணியன் நேரத்தைக் கணக்கிட்டார். ஒன்பதே நிமிஷத்தில் வந்திருந்தார்கள். சம்பந்தியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கடைத்தெரு முடிந்து, பெரிய சாலையைக் குறுக்கே கடந்தால் கோட்டைவாசல். கோட்டைவாசலுக்குள் மண்டபம். போகும்போது பச்சையாக வழிவிட்ட பழவங்காடி விளக்கு, இப்போது அவர்கள் கடைத்தெரு முனையை அடைந்தபோது சிவந்தது.

ஸ்ரீகண்டன் பிரேக்கைப் பிடித்து இடது காலை ஓரக்கல்லில் ஊன்றினார்.

சிவப்பைக் கண்டால் நிற்பது ராமசுப்ரமணியனுக்கு முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கம். திருப்தியோடு தலையை அசைத்தார். ஒரு நிமிஷம் கழிந்தது. இரண்டாவது நிமிஷமும் கழிந்தது. எதிர்ச்சாலைக்குப் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே ஓடிக்கொண்டே இருந்தன. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்றாலும் அந்த ஓட்டத்தின் நடுவே நிறைந்த தூக்கோடு கால்வைக்க இடமில்லை. மற்ற சைக்கிள்கள் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் புகுந்து பறந்தன. மூன்றாவது நிமிஷம் முடிந்தபோது ராமசுப்ரமணியனுக்குப் புரிந்துவிட்டது.

“சிக்னல் பழுது ஓய்,” என்றார்.

ஸ்ரீகண்டனுக்கும் அது புரிந்துதான் இருந்தது. ஆனால் சிவப்பு சிவப்பாக எரியும்போது, அது தவறாக எரிகிறது என்று தீர்மானிக்கும் உரிமை தமக்கு உண்டா என்பது அவருக்குப் புரியவில்லை. இன்று பழுது என்று போகிறவன் நாளைக்கு அவசரம் என்று போவான், மறுநாள் சும்மாவே போவான் என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய நெற்றியில் வியர்வை வழிந்தது. எண்பது இலைகளும், அவற்றின் மேல் ஆறிக்கொண்டிருக்கும் சோறும், பாகீரதியின் முகமும் அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தன. இரண்டரை மணி ரயிலும் தெரிந்தது. காலைத் தரையிலிருந்து எடுத்தார், மறுபடியும் ஊன்றினார்.

பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. சைக்கிள் முன்னால் இருந்ததால் அதனால் நகர முடியவில்லை. நடத்துநர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்து, விளக்கு கெட்டுப்போயிற்று, வண்டியை எடு என்று மலையாளத்தில் குரல் கொடுத்தார்.

“சேட்டா, லைட் கேடாணு. ஒந்நு எடுக்கூ.”

ராமசுப்ரமணியன் அவரைக் கையமர்த்தினார். சிக்னலைப் பற்றிய பேச்சில் ஒரு நடத்துநர் தலையிடுவதை அவர் விரும்பவில்லை. பிறகு சம்பந்திக்கு ரயில்வேயின் நடைமுறையை விளக்கினார். தானாக இயங்கும் சிக்னல் சிவப்பில் இருந்தால் பகலில் ஒரு நிமிஷமும் இரவில் இரண்டு நிமிஷமும் நிற்க வேண்டும். அதற்கு மேலும் மாறாவிட்டால் விசில் அடித்துக்கொண்டு, எந்த இடத்திலும் நிறுத்தத் தயாராக, மெல்ல மெல்ல நகரலாம். ஆகையால் மணியடித்துக்கொண்டு நகருவதில் தவறில்லை என்றார்.

ஸ்ரீகண்டனின் முகம் மலர்ந்தது. விதியை மீறாமல் போவதற்கும் ஒரு விதி இருக்கிறது என்பது அவருக்கு அமுதமாக இருந்தது. ஆனால் அவர் அலுவலகத்தில் இருபது ஆண்டு கோப்பு பார்த்தவர். எல்லாச் சிக்னலுக்கும் இதே விதிதானா என்று ஒரு கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். ராமசுப்ரமணியன் நேர்மையானவர், யோசித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பல தடங்கள் சந்திக்கிற ஸ்டேஷன் சிக்னல் என்றால் அப்படி நகர முடியாது; ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்திட்டுக் கொடுத்த காகிதம் வேண்டும். காகிதம் இல்லாமல் சிவப்பைத் தாண்டியவனுக்கு வேலை போய்விடும். இந்தப் பழவங்காடி எந்த வகையில் சேரும் என்று இருவரும் ஆராய்ந்தார்கள். நான்கு தடங்கள் சந்திக்கின்றன. ஐயமே இல்லை, இது ஸ்டேஷன்தான். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

“அப்போ காகிதம் வாங்கித்தான் ஆகணும்,” என்றார் ராமசுப்ரமணியன். இப்போது பிடிவாதம் யாருடையது என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது.

நேசமணி சற்றுத் தள்ளி, தம் கூண்டின் நிழலில், வழிமாறி வந்த ஒரு லாரிக்காரரிடம் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார். ராமசுப்ரமணியன் தூக்கோடு இறங்கி அவரிடம் போனார். விளக்கு பழுது என்பதை நேசமணி அப்போதுதான் கவனித்தார். சைக்கிளில் நிற்பவரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“எனக்க பொன்னு சாரே, சைக்கிளுக்கு சிக்னல் வேண்டாம்ணு பத்து வருசமா நான் சொல்லுயேன். அவரு கேக்கமாட்டாரு. நீங்களாவது கூட்டிட்டுப் போவும்.”

“வாயால சொன்னா செல்லாது. எழுதிக் குடும்,” என்றார் ராமசுப்ரமணியன்.

“என்னத்தை எழுத?”

“சிக்னல் பழுது, இந்த வண்டி தாண்டலாம்னு எழுதி, மணியைப் போட்டு, கையெழுத்துப் போடும்.”

முப்பது ஆண்டுக் காவல் வாழ்க்கையில் எத்தனையோ பேர்மேல் வழக்கு எழுதியிருந்த நேசமணியிடம், எழுதித்தரும்படி தாமாக வந்து கேட்டவர் இவர் ஒருவர்தான். எதிரில் நின்றவரின் பஞ்சகச்சத்தையும், நெற்றிச் சந்தனத்தையும், மடியோடு அணைத்த தூக்கையும் பார்த்தார். என்ன காரியம் என்று கேட்டார். எண்பது பேர் சோற்றின் முன் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தார். துறையின் மொழி மலையாளம் ஆகையால் மலையாளத்தில், நிதானமாக, குண்டுகுண்டாக எழுதத் தொடங்கினார்.

அவர் பாதி எழுதியபோது விளக்கு பச்சையாயிற்று.

பஸ் உறுமியது. ஸ்ரீகண்டன் பதறினார். பச்சை இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது. நெய்யும் சம்பந்தியும் கூண்டருகே இருக்கிறார்கள். கைகாட்டி அழைத்தார். காகிதம் முடியட்டும் என்று ராமசுப்ரமணியன் பதிலுக்குக் கைகாட்டினார். பஸ் அவரை ஒதுக்கிக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் காத்திருந்த அத்தனை வண்டிகளும் போயின. நேசமணி கையெழுத்திட்டு, தேதியும் மணியும் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்தார். தூக்கு தளும்பாமல் வேகமாக நடந்துவந்து ராமசுப்ரமணியன் பின்னிருக்கையில் ஏறியபோது விளக்கு மறுபடியும் சிவந்தது. சிவந்தது சிவந்தபடியே நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று ஸ்ரீகண்டனுக்குத் தெரியவில்லை.

நேசமணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தொப்பியை நேராக வைத்துக்கொண்டு சந்தியின் நடுவில் போய் நின்றார். விசிலை நீளமாக ஊதி இரண்டு கைகளையும் அகல விரித்தார். வடக்கேயிருந்து வந்த பஸ்கள் நின்றன. தெற்கேயிருந்து வந்த லாரியும் ஜீப்பும் ஆட்டோக்களும் நின்றன. கோவில் வாசலில் தேங்காய் உடைக்கக் கை ஓங்கியவர்கள்கூட என்னவென்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை அசைத்தார். நிசப்தமான சந்தியின் குறுக்கே ஒரே ஒரு சைக்கிள், இரண்டு சம்பந்திகளையும் ஒரு தூக்கு நெய்யையும் சுமந்துகொண்டு, மணியடித்தபடி மெல்லப் போயிற்று. ஆராட்டா போகிறது என்று ஆட்டோவிலிருந்து ஒருவர் கேட்டார். ராமசுப்ரமணியன் காகிதத்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்திருந்தார்.

மண்டபத்தை அவர்கள் அடைந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். ஸ்ரீகண்டன் தூக்கை வாங்கிக்கொண்டு பந்திக்கு ஓடினார். வாயிலில் கால்வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பந்தியில் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். அவர்கள் போய் இருபது நிமிஷம் ஆகியும் திரும்பாததைக் கண்ட கோமதியம்மாள் இலையை விட்டு எழுந்தார். பேசாமல் நடந்து அடுக்களைக்குள் நுழைந்தார். மாப்பிள்ளையின் தாய் பெண் வீட்டாரின் அடுக்களைக்குள் கல்யாணத்தன்று கால்வைப்பது கண்டும் கேட்டும் அறியாத செயல். பாகீரதி கைகளைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே ஓடினாள். பாயசத்தில் போடுவதற்காக முந்திரியை வறுத்த வாணலி அங்கே அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. முந்திரி மூழ்கும் அளவு நெய். காலையிலேயே பாகீரதி தன் வீட்டிலிருந்து தனியாகக் கொடுத்தனுப்பிய நெய். கோமதியம்மாள் ஒரு கரண்டியில் தெளிவாக எடுத்து முகர்ந்து பார்த்தார்.

பாகீரதிக்கும் அந்த வாணலியின் நினைவு வராமல் இல்லை. ஆனால் ஒன்று பொரித்த மிச்ச நெய்யை மாப்பிள்ளை வீட்டார் இலையில் விடுவதற்கு எந்தப் பெண் வீட்டாருக்குத் துணிவு வரும்? அப்படி விட்டால் ஏழு தலைமுறைக்குப் பேச்சாகிவிடும். அதை விடலாம் என்று சொல்லும் தகுதி உலகத்திலேயே அன்று ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் சொல்லிவிட்டார்.

“உங்க கையால உருக்கின நெய்தானே? முந்திரியோட விழுந்தா எங்களுக்கென்ன கசக்கவா போறது? விடச் சொல்லுங்கோ.”

சொன்னதோடு நிற்காமல், கிண்ணத்தைத் தாமே எடுத்துக்கொண்டு போய், முதல் இலையில் தம் கையாலேயே விட்டார். எண்பது பேரும் தண்ணீர் சுற்றினார்கள். ஒவ்வொருவர் சோற்றிலும் ஒன்றிரண்டு முந்திரியும் விழுந்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சிதான். வலியசாலைப் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது போலும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஸ்ரீகண்டன் தூக்கோடு தூணருகே நின்றார். தாம் காலூன்றி நின்ற ஒவ்வொரு நிமிஷமும் இப்போது அவருக்கு உறுத்தியது. கணவரின் முகத்தைக் கண்டதும் பாகீரதி வந்து தூக்கை மட்டும் மெல்ல வாங்கிக்கொண்டாள். அவருக்குப் பின்னால் வந்த ராமசுப்ரமணியன் மனைவியிடம் தாமதத்துக்கான காரணத்தை நிமிஷக் கணக்கோடு விளக்கத் தொடங்கினார். கோமதியம்மாள் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். மலையாளம் தெரியாததால் அதைப் புதுப்பெண்ணிடம் கொடுத்தார்.

விஷ்ணுப்ரியா வரிவரியாகத் தமிழில் சொன்னாள். பழவங்காடி சந்திப்பில் விளக்கு பழுதானபடியால், நெய்யுடன் வரும் இந்தச் சைக்கிளும் அதன்மேல் உள்ள இரண்டு சம்பந்திகளும் கடந்து செல்ல அனுமதிக்கப்படுகிறார்கள். நெய் சிந்தாமல் போக வேண்டியது அவர்கள் பொறுப்பு. கீழே கையெழுத்து, தேதி, மணி. கடைசி வரிக்கு வருவதற்குள் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் தந்தை தலை நிமிர்ந்து பார்க்கவும், அழுகையும் சேர்ந்து வந்தது.

கோமதியம்மாள் அவளை அருகில் இழுத்துக்கொண்டார். அன்று அவர் பேசிய பேச்சுகளிலேயே நீளமானது அதுதான்.

“பாத்துக்கோ கொழந்தே. எங்காத்துலயும் இப்படி ஒண்ணு இருக்கு. முப்பத்தஞ்சு வருஷமா நான் குடுத்தனம் பண்ணிண்டிருக்கேன். ரயில் நின்னுபோன ஊர்லகூட லெவல் கிராசிங்கைக் கண்டா காரை நிறுத்தச் சொல்லுவார். புது ஆத்துல எப்படி நடந்துக்கறதுன்னு உனக்கு ஒருத்தரும் சொல்லிக்குடுக்க வேண்டாம். நீ பொறந்தாத்துலயே பழகிண்டுதான் வந்திருக்கே.”

பாகீரதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று காலையிலிருந்து அவள் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிற்று.

முதல் பந்தி ஒன்றேகாலுக்கு எழுந்தது. ரயிலுக்குப் புறப்பட இன்னும் அரைமணி இருந்தது. இரண்டாம் பந்தியின் முதல் இரண்டு இலைகளில் சம்பந்திகள் இருவரையும் உட்கார வைத்தார்கள். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. தூக்கைத் திறந்து, மணல்மணலாக இருந்த நெய்யைக் கரண்டியில் மொண்டுகொண்டு கோமதியம்மாளே வந்தார். ஸ்ரீகண்டனின் இலைக்கு மேல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஸ்ரீகண்டன் அண்ணாந்து பார்த்தார்.

“விடலாமா சம்பந்தி, இல்லே இதுக்கும் யாராவது எழுதித் தரணுமா?” என்றார் கோமதியம்மாள்.

பந்தி முழுவதும் சிரித்தது. ஸ்ரீகண்டனும் சிரித்தார். ஆனால் பதில் சொல்வதற்கு முன் பக்கத்து இலையைத் திரும்பிப் பார்த்து, அங்கே ராமசுப்ரமணியன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துத் தலையசைத்த பிறகுதான், “விடுங்கோ,” என்றார்.